வெடிக்காத உதடுகள்

அத்தியாயம் ஒன்பது

ஆம்புலன்ஸ் செத்துக் கிடந்தது.

ஆம்புலன்ஸுக்குள் ஆள் செத்துக் கிடப்பதை டூலி பார்த்திருக்கிறான். ஆம்புலன்ஸே செத்துக் கிடப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறான். தகரக் கொட்டகையின் நிழலில், பெயின்ட்கூட மங்காமல், சார்ஜ் வயர் செருகியது செருகியபடி நின்றிருந்தது வண்டி. பக்கத்தில் அதன் தம்பி ஒன்று, அதே கோலத்தில்.

"வயர் மாட்டித்தானே இருக்கு?" என்றான் டூலி.

"பொணத்துக்கு குளுக்கோஸ் ஏத்துற மாதிரி," என்றாள் வெர்னெல் ஸ்டக்கி. "ஏத்தலாம். எழுந்திரிக்காது."

டார்டன் மாவட்டத்து ஆம்புலன்ஸ் சேவையின் தலைவி அவள். அகன்ற தோள், நரைத்த முடி, நல்ல தூக்கத்தைப் பார்த்து நாளாகிவிட்ட கண்கள். ஊர் ஆஸ்பத்திரியை இழுத்து மூடிய பிறகு, மாரடைப்போ பிரசவமோ, ஜார்ஜியாவின் இந்தத் தென்கோடியிலிருந்து பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஓடியாக வேண்டும். ஓடுவது அவளுடைய மின்சார வண்டிகள். அந்த வண்டிகளின் பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் கொரியாவிலிருந்து கப்பலில் வருகிறவை.

அங்கேதான் வினை. அந்தச் செல் செய்கிற வித்தையே எங்களிடம் திருடியது என்று பிரையர்ஸ்டோன் என்ற அமெரிக்கக் கம்பெனி வாஷிங்டனில் வாணிப ஆணையத்திடம் வழக்குப் போட்டிருந்தது. இனி ஒரு செல்கூட உள்ளே வரக்கூடாது, துறைமுகத்திலேயே மறியுங்கள் என்று கேட்டிருந்தது. வழக்கு நடக்கிற பயத்திலேயே கொரியாக்காரன் மாற்று பேட்டரி அனுப்புவதை நிறுத்திவிட்டான். தடையே விழுந்தால் கொட்டகையில் இன்னும் பெரிய குடும்பம் சேரும்.

"கொரியாக்காரன் திருடினானா இல்லையான்னு எனக்குத் தெரியாது," என்றாள் வெர்னெல். "ஆனா தடை போடறதுக்கு முன்னாடி, அதனால ஜனங்களுக்குக் கெடுதல் வருமான்னு ஆணையம் பாத்தே ஆகணும். சட்டமே அப்படித்தான். நானும் போய்ச் சொன்னேன், என் வண்டி நின்னா ஆள் சாவான்னு. உடனே பிரையர்ஸ்டோன் வக்கீல் எழுந்தான். 'அம்மா கவலையே பட வேண்டாம். டார்டன்லயே எங்க ஃபேக்டரி ஓடிக்கிட்டிருக்கு. அதே தரத்துல செல் செய்யறோம். முதல் பேட்டரி அவங்க ஆம்புலன்ஸுக்குத்தான்'னு சொல்லி, ஒரு செல்ல மேஜைமேல எடுத்து வச்சுட்டு உக்காந்துட்டான்."

"கேக்க இனிப்பாத்தானே இருக்கு?"

"இனிப்புதான் தம்பி. கோடை ஆரம்பத்துலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒரு செல்லக்கூட என் கையில குடுக்கல. இன்னிக்கு வாஷிங்டன்லேருந்து ரெண்டு பேர் வந்து ஃபேக்டரியப் பாக்கறாங்க. திருப்தின்னு சொல்லிட்டா முடிஞ்சுது." வெர்னெல் டூலியை விட்டுவிட்டு அவன் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். "அது ஓடுதா, ஓடற மாதிரி நடிக்குதா? அத மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க ஹெஸ்டர்."

ஹெஸ்டர் பிளெட்சோ வெர்னெலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கிளெய்ம் பிடித்துப் பிடித்து, பிறகு டூலியை உதவிக்கு வைத்துக்கொண்டு சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியவள். கறுத்த, ஒல்லியான உடம்பு, வைக்கோல் தொப்பி. இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதி. மிச்சத்தை அவள் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே கேட்டுவிடுவாள். அவளிடம் பொய் சொன்னவர்கள் எல்லாரும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு வாயைக் கோட்டை விட்டவர்கள்.

"டூலியோட தங்கச்சி இந்த ஊர்லதான் இருக்கா," என்றாள் ஹெஸ்டர்.

"லோரீன். தெரியாதா?" வெர்னெலின் குரல் தணிந்தது. "எட்டாவது மாசம். ரத்தக் கொதிப்பு வேற. தலைவலி வந்து கண்ணு முன்னாடி மின்மினி பறந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம எனக்குப் போன் பண்ணணும்னு சொல்லி வச்சிருக்கேன். பண்ணுவா. அன்னிக்கு ஓடற வண்டி ஒண்ணு என்கிட்ட இருக்கணும், அவ்வளவுதான்."

டூலி வேடிக்கையாக எதுவும் சொல்லாமல் போய்க் கார் கதவைத் திறந்தான். அது அவனுக்கு அபூர்வம்.

* * *

ஊருக்குள் போகிற சாலை முழுக்க, வீட்டுக்கு வீடு புல்தரையில் அட்டை நட்டிருந்தார்கள். 'நன்றி பிரையர்ஸ்டோன்.' 'தொள்ளாயிரம் வேலை, கர்த்தருக்குத் தோத்திரம்.' தடை விழுந்த மறுமாதம் தொள்ளாயிரம் பேரை எடுப்பதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. பருத்தி ஆலை மூடிய பிறகு இந்த ஊருக்கு யாரும் எந்த வாக்கும் கொடுத்ததில்லை. வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் டூலியின் காரைப் பார்த்துக் கையசைத்தார்கள். கார் கடந்து போகிறவரை கையை இறக்கவுமில்லை, சிரிப்பை மாற்றவுமில்லை.

"அன்பான ஊர்," என்றான் டூலி. "முதுகு சில்லிடுது."

"பின்னாடி பாத்தியா?"

கண்ணாடியில் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு பிக்கப் வண்டி, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"ஆம்புலன்ஸ் கொட்டகையிலேருந்தே வர்றான். மருந்துக்கடையில நிறுத்து."

மருந்துக்கடைக்காரர் டில்லார்ட், காதிலும் முடி வளர்த்த கிழவர். ஹெஸ்டர் அவரிடம் கேட்டது தலைவலி மாத்திரையில்லை, லிப் பாம்.

"ஆகஸ்ட் மாசத்துலயா?" கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வடியும். அப்படிப்பட்ட புழுக்கம். குனிந்து அடித்தட்டில் துழாவி, பெட்டியோடு ஒன்றை எடுத்து, ஊதிவிட்டு மேஜையில் வைத்தார். தூசி எழுந்து டூலி தும்மினான்.

"போன குளிர்காலத்துச் சரக்கு. வேற யாரும் கேக்கறதில்லம்மா."

"யாருமே?"

"குளிர் விட்டப்புறம் ஒருத்தரும் கேக்கல." அவர் ஜன்னல் வழியாகப் பிக்கப்பைப் பார்த்தார். பார்த்த பிறகு, கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. என் பேரனுக்கு அங்க வேலை கிடைக்கப் போவுது. பத்திரமா வீடு போய்ச் சேருங்க."

அவர் சொன்ன விதத்தில், போய்ச் சேராமல் போகவும் வாய்ப்பிருந்தது.

காருக்குத் திரும்பும்போது டூலி முணுமுணுத்தான். "ஊரே பத்திக்கிட்டு எரியற நேரத்துல உங்களுக்கு மேக்கப் கேக்குதா மேடம்?"

"எனக்கில்ல. அந்த ஃபேக்டரிக்கு," என்றாள் ஹெஸ்டர். லிப் பாமைத் திறக்கக்கூட இல்லை, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

* * *

பிரையர்ஸ்டோன் தொழிற்சாலை வெள்ளைவெளேரென்று, ஜன்னலே இல்லாமல், பைன் மரக்காட்டை வெட்டி நடுவில் வைத்தாற்போல் இருந்தது. கேட்டுக்கு எதிரே ஒருவன் இரும்பு அண்டாவில் உப்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் கடலை அவித்து விற்றான். டூலி ஒரு காகிதப்பை வாங்கிக்கொண்டான். துப்பறிவதற்கு இதைவிட நல்ல இடம் உலகத்திலேயே கிடையாது என்பது அவன் கருத்து.

மதிய சாப்பாட்டு மணி அடித்தது. வெள்ளை அங்கி போட்ட கூட்டம் கேட்டைத் தாண்டி வெளியே வந்தது. அங்கியை இடுப்புவரை கழற்றி முடிந்துகொண்டு, உள்ளே போட்டிருந்த பனியன் முதுகில் ஒட்ட, நேராக அண்டாவுக்கு வந்தார்கள். ஊர் வழக்கப்படி கடலையை ஓட்டோடு வாயில் வைத்து, கடித்து, உப்புத் தண்ணீரைச் சர்ரென்று உறிஞ்சி, பிறகுதான் பருப்பைத் தின்றார்கள். ஜோக் அடித்துச் சிரித்தார்கள்.

"நல்லாப் பாரு டூலி," என்றாள் ஹெஸ்டர்.

"பாத்துக்கிட்டேதான் சாப்பிடறேன்."

"உன்னையில்ல. அவங்க சாப்பிடறதப் பாரு."

"கடல சாப்பிடறாங்க. இது குத்தம்னா ஜார்ஜியாவையே உள்ள தள்ளணும்."

ஹெஸ்டர் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அங்கே ஆள் உயரத்துக்குத் தகரக் குழாய்கள் வரிசையாக வாய் திறந்து நின்றன. அந்த வாய்களின் ஓரத்தில் மண் உருண்டைகள் ஒட்டியிருந்தன. குளவிகள் போவதும் வருவதுமாக இருந்தன.

"வெயில் ஜாஸ்தியா இருக்கே மேடம். உள்ள வந்து குளிர்ச்சியா ஒரு டம்ளர் டீ குடிக்கலாமே?"

வெள்ளைச் சட்டை, கலையாத தலை, கன்னத்தில் குழி. எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை. கென்ட் வாலர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவே பாலம் மாதிரி இருப்பதுதான் தன் வேலையாம். அவனுக்குப் பின்னால், பைன் நிழலில் சாம்பல் நிறப் பிக்கப் நின்றிருந்தது.

"டீ வேண்டாம்," என்றாள் ஹெஸ்டர். "உள்ள செல் செய்யற உலர் அறையப் பாக்கணும்."

"அடடா, இன்னிக்குன்னு பாத்து வாஷிங்டன் விருந்தாளிங்க." அப்போதுதான் ஒரு கறுப்புக் கார் கேட்டுக்குள் நுழைந்தது. வாலர் அதற்கு ஒரு சிரிப்பு அனுப்பிவிட்டு, அதே சிரிப்போடு இவர்கள் பக்கம் திரும்பினான். "ஊருக்கு ரொம்ப காலம் கழிச்சு ஒரு நல்லது நடக்கப்போவுது மேடம். நடுவுல நிக்கறவங்களுக்கு ஏதாவது ஆயிரக்கூடாதேன்னு எனக்குக் கவலையா இருக்கு. டூலி தம்பி, தங்கச்சி எப்படி இருக்காங்க? மாசம் நெருங்கிடுச்சே? ஜாக்கிரதையாப் பாத்துக்குங்க."

டூலியின் கையிலிருந்த கடலை ஓடு நசுங்கியது. தன் பெயரை அவன் வாலரிடம் சொல்லவேயில்லை.

வாஷிங்டன்காரர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. டூலி இரண்டாவது பை கடலையை முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கூடை பீச் பழம், முகத்தில் திருப்தி. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே வெள்ளை அங்கிகள் நடமாடுவதைப் பார்த்திருப்பார்கள். யந்திரம் சுற்றியிருக்கும், விளக்கு எரிந்திருக்கும். வேறென்ன வேண்டும்?

"அவ்வளவுதானா மேடம்? தோத்துட்டோமா?"

"வண்டிய எடு," என்றாள் ஹெஸ்டர். "உன் தங்கச்சி வீட்டுக்கு."

* * *

காரில் ஹெஸ்டர் அந்த லிப் பாமை எடுத்து முன்னால் வைத்தாள்.

"பழைய வேலையில இருந்தப்ப டென்னசியில ஒரு செல் ஃபேக்டரிக்குப் போனேன். செல்லுக்குள்ள இருக்கற லித்தியத்துக்குத் தண்ணி ஆகவே ஆகாது. காத்துல இருக்கற ஈரம்கூட ஆகாது. அதனால அந்த அறையில காத்த வறுத்து எடுத்து வச்சிருப்பாங்க, பாலைவனம் பிச்சை வாங்கணும். அரை நாள் உள்ள நின்னா உதடு வெடிச்சு ரத்தம் வரும். வெளில கொட்டற மழைக்காலம், ஆனா அந்த ஊர்ல ஒவ்வொருத்தன் பையிலயும் இந்தக் களிம்பு. மருந்துக்கடையில வாசல்லயே குமிச்சு வச்சிருந்தாங்க."

டூலி பிரேக்கை மிதிக்காத குறைதான். "இங்க தூசி தட்டி எடுத்தாரு கிழவரு!"

"வெடிச்ச உதட்டுல உப்புத் தண்ணி பட்டா எப்படி இருக்கும்?"

"அய்யய்யோ. உயிர் போயிடும்."

"அத்தனை பேரும் உறிஞ்சிக் குடிச்சாங்க. ஒருத்தன் முகம் சுளிக்கல. பனியன் எல்லாம் நனைஞ்சு ஒட்டுது. உலர் அறையில வேர்வை நிக்கவே நிக்காது. கூரையில இருக்கறது சூடான காத்து வெளில போற குழாய். அதுல குளவி கூடு கட்டி குடித்தனம் நடத்துது." ஹெஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். "அங்க உலர் அறையே இல்ல டூலி. அங்கி போட்ட ஆளுங்கதான் இருக்காங்க."

"அப்ப நேரா வாஷிங்டன்காரங்ககிட்டப் போயி சொல்லிடுவோமே!"

"என்னன்னு? கடல திங்கறதப் பாத்தோம்னா? பழக்கூடையோட சிரிச்சுக்கிட்டே போயிடுவாங்க. உள்ளேருந்து ஒரு ஆள் வாயத் திறந்து சொல்லணும். நாளைக்கு அவங்க கையெழுத்துப் போடறதுக்குள்ள."

"இந்த ஊர்லயா? எவன் சொல்லுவான்?"

ஹெஸ்டர் லிப் பாமை எடுத்து மறுபடி பைக்குள் போட்டாள்.

"காலையில சோளக்கஞ்சி ஊத்திக் குடுத்தானே உன் மாப்பிள்ளை. உலர் அறையில மூணு வாரமா வேலைன்னு பெருமையாச் சொன்னான். சொல்லிட்டு எப்படிச் சிரிச்சான், ஞாபகம் இருக்கா?"

டூலிக்கு ஞாபகம் இருந்தது. தங்கை புருஷன் லாமர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பான், காதுக்குக் காது, பல்லெல்லாம் தெரிய. வழவழவென்ற உதடு. வெடித்த உதட்டுக்காரன் அப்படிச் சிரித்தால் சட்டையெல்லாம் ரத்தமாகியிருக்கும்.

"எனக்குக் காலையிலேயே தெரியும்," என்றாள் ஹெஸ்டர். "அவனா இல்லாம வேற யாராவது கிடைக்க மாட்டாங்களான்னுதான் பகலெல்லாம் சுத்தினேன்."

டூலிக்கு முதல் தடவையாக அவள்மேல் கோபம் வந்தது. அது போன வேகத்தில் லாமர்மேல் வந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பின்னால் பிக்கப் வந்துகொண்டேயிருந்தது.

* * *

லோரீன் உள்ளே படுத்திருந்தாள். லேசாகத் தலைவலி என்றாளாம். லாமர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். மேற்கே இடி மழைக்குத் திரண்டு வானம் அடுப்புக்கரியாகியிருந்தது.

"மாப்ளே," என்றான் டூலி. "அங்க என்ன வேல பாக்கறே? கதை வேணாம்."

லாமர் சிரிக்கப் பார்த்தான். ஹெஸ்டர் தன் வாயையே உற்றுப் பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது.

"விருந்தாளி வந்தா அங்கி போட்டு நடக்கணும்," என்றான் கடைசியில். "மெஷின் சும்மா சுத்தும். உலர் காத்து மெஷின் இன்னும் வரவேயில்ல மச்சான்."

"அப்ப செல்லு? வக்கீல் அங்க மேஜைமேல எடுத்து வச்சானே, நாங்க செஞ்சதுன்னு?"

லாமர் கையைப் பிசைந்தான். "பின் கட்டடத்துக்குப் பெட்டி பெட்டியா வரும். நாங்க அதுல இருக்கற சீட்டைப் பிச்சுட்டு பிரையர்ஸ்டோன் சீட்டு ஒட்டுவோம்."

"எங்கேருந்து வருது பெட்டி?"

"பிச்ச சீட்டெல்லாம் கொரிய எழுத்துதான்."

டூலி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். திருட்டுச் சரக்கு என்று எவன் செல்லைத் தடுக்கச் சொல்கிறார்களோ, அவன் செல்லைத்தான் தங்கள் செல் என்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தடை விழுந்ததும் அந்தப் பெட்டியும் நின்றுவிடும். பிறகு இந்த மாவட்டத்துக்கு எந்தப் பெயர் ஒட்டியும் செல் கிடையாது.

"இதச் சொல்லணும் லாமர்," என்றாள் ஹெஸ்டர். செல்போனைப் படியில் வைத்தாள். "உன் வாயால. அவ்வளவுதான் வேணும்."

"மாட்டேன்." அவன் தலை நிமிரவில்லை. "சொன்னா தொள்ளாயிரம் வேலையும் போச்சு. ஊர்ல ஒருத்தன் எங்களுக்குப் பச்சைத் தண்ணி தர மாட்டான். எங்க சர்ச்ல பாதிப் பேர் அந்த அங்கிக்குள்ள இருக்காங்க மேடம். எங்க அப்பா இருக்காரு! ஆம்புலன்ஸ் உங்களுக்குப் பெருசா இருக்கலாம். எங்களுக்கு சோறு பெருசு. ஊர் நல்லா இருக்கணும்னுதானே நானும் பாக்கறேன்?"

அவன் சொன்னதில் பொய்யில்லை.

"தடை விழுந்தா வேலை வரும்னு நிஜமா நம்பறியா?" என்று மட்டும் கேட்டாள் ஹெஸ்டர். "காத்து மெஷின்கூட வாங்காதவன் எதுக்குத் தொள்ளாயிரம் பேரை வாங்குவான்?"

லாமர் வாயைத் திறந்தான். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே."

லோரீன் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டி எதையோ விரட்டினாள்.

"வீட்டுக்குள்ள மின்மினி வந்துருச்சு அண்ணே. நெறைய," என்றாள்.

* * *

வெர்னெல் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவளிடம் அந்நேரம் சும்மா இருந்தது ஒரே வண்டி, அதுவும் பழைய பேட்டரி.

"போய்ச் சேருமா?" என்றான் டூலி, தங்கையைத் தூக்கிப் படுக்க வைத்தபடி.

"இன்னிக்குச் சேரும். அடுத்த மாசம் கேக்காதே."

லோரீனோடு, வெர்னெல் கூட்டி வந்திருந்த நர்ஸ் ஏறினாள். லாமர், ஹெஸ்டர், டூலி மூவரும் காரில் பின்னால் போனார்கள். முதல் மேட்டிலேயே ஆம்புலன்ஸ் தளர்ந்தது. டூலி பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியிருந்தது, முன்னால் போகிற வண்டியை இடிக்காமல் இருக்க. சைரன் மட்டும் நூறு மைல் வேகத்தில் அலறியது. வண்டி மாட்டு வண்டி மாதிரி ஏறியது. மழைக்குள் பின்னால் இரண்டு விளக்குகள், அதே தூரத்தில், அதே நிதானத்தில்.

"ஏன் மெதுவாப் போறாங்க?" என்றான் லாமர். டூலியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "மச்சான், ஏன் மெதுவாப் போறாங்க? வேகமாப் போகச் சொல்லு மச்சான்!"

"எத வச்சுப் போறது மாப்ளே?" என்றான் டூலி. "நீ ஒட்டுன சீட்ட வச்சா?"

சொன்ன மறுகணமே சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தான். லாமர் ஒவ்வொரு மேட்டுக்கும் இருக்கையின் நுனிக்கு வந்து, முன்னால் போகிற வண்டியைத் தானே தள்ளுவதுபோல் முன் இருக்கையைப் பிடித்துத் தள்ளினான்.

எப்படியோ போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலின் கூரைக்குக் கீழே நுழைந்ததும் ஆம்புலன்ஸின் விளக்குகள் மங்கி, ஒருமுறை துடித்து, அணைந்தன. லோரீனை ஓட்டமாக உள்ளே கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கதவு மூடியது. குழந்தையை உடனே எடுத்தாக வேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். இப்போது பிழைப்பார்களா என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

பிக்கப் வந்து நின்றது. கென்ட் வாலர் இறங்கினான். ஒரு கையில் குடை, ஒரு கையில் வெள்ளை லில்லிப் பூங்கொத்து, அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற பூ. தலை இப்போதும் கலையவில்லை.

"லாமர், கேள்விப்பட்டதும் ஓடி வந்தேன். கம்பெனின்னா குடும்பம் மாதிரி. உனக்கு என்ன வேணுமோ கேளு."

லாமர் கையை நீட்டப் போனான். அதற்குள் ஹெஸ்டர் பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு பூவைத் தொட்டாள். ஓரமெல்லாம் பழுத்து, காம்பு துவண்டு விழுந்தது.

"இது மதியத்துலேருந்து பூட்டின வண்டிக்குள்ள புழுங்கிக் கிடந்த பூ," என்றாள். "லோரீனுக்குத் தலைவலி வந்ததே சாயங்காலம். இத யாருக்காக வாங்கி வச்சீங்க மிஸ்டர் வாலர்?"

கன்னத்துக் குழி இருந்த இடத்திலேயே இருந்தது. சிரிப்பு மட்டும் காணாமல் போனது.

"லாமர்," என்றான் வாலர் மெதுவாக. "வீட்டுக்குப் போ. பேசிக்கலாம்."

லாமர் பூவைப் பார்த்தான். விளக்கு அணைந்து நிற்கும் ஆம்புலன்ஸைப் பார்த்தான். அதன் பக்கத்தில் வெர்னெல் வெறுங்கையோடு மழையில் நின்றுகொண்டிருந்தாள். மூடிய கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒருவரும் தென்படவில்லை.

"மேடம், அந்த போனை எடுங்க," என்றான்.

ஹெஸ்டர் செல்போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பழக்கப்படி அவன் வாயைப் பார்த்தாள். டூலியும் பார்த்தான். மழைக்காற்று அத்தனை ஈரமாக அடிக்கும்போது, லாமரின் உதடு காய்ந்து, நடுவே வெடித்திருந்தது. வழி நெடுகக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"என் பேரு லாமர் கோஃபீல்ட்," என்றான். "டார்டன் ஃபேக்டரியில வேலை பாக்கறேன். அங்க நாங்க எதையும் செய்யறதில்ல."